காதலும் அருளும்

காதல் இருவரின் அந்தரங்கம், அரசியல் பலர் கூடும் மன்றத்தின் அலுவல் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. பழந்தமிழ் இலக்கிய மரபும் இதற்கு அரண் செய்வதுபோலத் தோன்றும். அகப்பாட்டின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை; பெயர் சுட்டப்படின் அது அகமாகாது என்பது இலக்கண விதி. மன்னனும் போரும் ஊரழிவும் புறத்துக்குரியன. அவை அகத்துள் வரும்பொழுதும் தலைவனைப் பிரித்துச் செல்லும் காரணமாகவோ உவமையாகவோ வந்து ஒதுங்கி நிற்கும். அந்தப் போரைப் பற்றித் தலைவி என்ன நினைத்தாள் என்று வினவுவது மரபன்று.

இன்று அந்த வேலி நிற்கவில்லை. காசாவின் இடிபாட்டுக்குள்ளிருந்து தூக்கியெடுக்கப்படும் குழந்தையின் முகம் அதே நாளில் யாழ்ப்பாணத்து இளைஞனின் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அவன் மனத்தால் விரும்பும் பெண்ணும் அதே முகத்தைக் காண்கிறாள். இருவரும் அதுபற்றி எண்ணுகின்றனர். ஆனால் ஒரே விதமாக எண்ணுவதில்லை. முன்னைய தலைமுறையினர் மணந்து பத்தாண்டு வாழ்ந்தபின் ஒருவரைப்பற்றி ஒருவர் அறிந்துகொண்டவற்றை, இன்றைய இளைஞர் தம் விருப்பத்தை வாய்திறந்து கூறுமுன்னரே அறிந்துவிடுகின்றனர்.

எம்மிடம் உயர்தரம் கற்று இப்போது பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒருவர் அண்மையில் இத்தகைய சிக்கலொன்றுடன் வந்தார். தம்முடன் பயிலும் பெண்ணொருத்தியின்மீது ஓராண்டாக அவருக்கு விருப்பம். அவளுடைய சிரிப்பையும் கையெழுத்தையும் அடக்கத்தையும் அவர் அறிவார். ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் பேச்சு காசாவை நோக்கித் திரும்பிற்று. மௌனமாயிருப்போரும் அந்தக் கொலையில் பங்காளிகளே என்றும், அத்தகையோரோடு தமக்குத் தோழமை வேண்டியதில்லை என்றும் அவள் கடுமையாகப் பேசினாளாம். நமது இளைஞரோ, எமது சவக்குழிகளே இன்னும் எண்ணி முடிக்கப்படாதபோது ஊராருக்காக ஏன் அழவேண்டும் என்ற எண்ணமுடையவர். அதற்கும் மேலாக, சிறிய இனமொன்று தன் நாட்டைக் கட்டியெழுப்பிய முன்மாதிரியென இஸ்ரேலை வியப்பவர். “சேர், இவ்வளவு நாளும் நான் பார்த்த பிள்ளை வேறை, அண்டைக்குப் பேசின பிள்ளை வேறை” என்றார். அவளை மறந்துவிடுவதா, அல்லது தம் கருத்தை மறைத்துக்கொள்வதா என்பதே அவருடைய வினா.

இதனை இளமைப் பருவத்து மயக்கமென்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால், தொலைவிலுள்ள மனிதரின் துயர் நமக்கு என்ன உறவு என்ற பழைய அறநெறிச் சிக்கலே இங்கு புதிய உடையில் வந்து நிற்கிறது. ஆதலின் இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் தகும்.

முதலில் அந்த அதிர்ச்சியையே ஆராய்வோம். இளைஞரை அதிரவைத்தது அவளுடைய கருத்தா, அவளுக்கு ஒரு கருத்து இருந்தது என்பதா? அச்சம், நாணம், மடம் என்பவற்றைப் பெண்ணின் இயல்பென வகுத்த மரபில், அறிந்ததையும் அறியாததுபோலக் காட்டும் மடமும் அணியாயிற்று. அடக்கமென்று நம் இளைஞர் ஓராண்டாக வியந்தது அவளுடைய இயல்பாயிருக்கலாம்; எவரும் அவளைக் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஓர் ஆடவன் அதே சொற்களை அதே கடுமையோடு பேசியிருப்பின் அவனைக் கொள்கைப் பிடிப்புள்ளவன் என்று இவர் புகழ்ந்திருப்பார். ஆகவே அதிர்ச்சியின் பாதி பழைய சமுதாயம் அவருள் விட்டுச் சென்ற எச்சம். அதைக் கழித்தபின் எஞ்சுவதே உண்மையான வினா.

அந்த வினாவுக்கு விடைதேட நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், ஒத்த தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பொருந்தவேண்டிய பத்துப் பொருத்தங்களை எண்ணுகிறது. பிறப்பும் குடிமையும் அவற்றிலுண்டு. ஆண்டும் உருவும் திருவும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்யாணச் சந்தை இவற்றைக் கைவிட்டதேயில்லை. பிறப்பும் குடிமையும் சாதியென்றும், திரு சீதனமென்றும் பெயர்மாறி, சாதகக் குறிப்போடு சேர்ந்து இன்றும் தரகரின் பையிலே உலாவுகின்றன. ஆனால் அப்பத்தினுள் அருள் என்றும் ஒன்று இருக்கிறது. பெண்பார்க்கப் போன வீட்டில் அருள் எவ்வளவு என்று கேட்ட தரகரை யாரும் கண்டதில்லை.

அன்பையும் அருளையும் நம் முன்னோர் வேறுபடுத்தினர். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மீதும் செல்வது அருள். அன்பு ஈன்ற பிள்ளையே அருள் என்பது வள்ளுவர் கருத்து. வீட்டில் அன்பறியாதவன் உலகத்துக்கு அருள்செய்ய முடியாதென்பது இதன் ஒரு பொருள். பிள்ளை பிறவாத அன்பு மலடாகவே இருந்து முடியும் என்பது மற்றொரு பொருள். காதல் அன்பின் மிகச் செறிந்த வடிவம். ஆதலால், ஒருவர் தொடர்பில்லாத மனிதரின் துயரை எவ்வாறு நோக்குகிறார் என்பது காதலுக்குப் புறம்பான செய்தியன்று. இன்று விருப்பினால் மென்மையாயிருக்கும் நெஞ்சம், விருப்புத் தணிந்த காலத்தில், நோயிலும் வறுமையிலும் எப்படியிருக்கும் என்பதற்கு அதுவே ஓரளவு சான்று.

இங்கே நம் இளைஞரின் வாதத்தை எதிர்கொள்ளவேண்டும். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று அவர் கூறுகிறார். இழந்தவன் கூறும்போது இந்தப் பழமொழிக்கு ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது. முள்ளிவாய்க்காலின் இறந்தோர் கணக்கும் காணாமலாக்கப்பட்டோரின் கணக்கும் தீர்க்கப்படாத மண்ணில் நின்றுகொண்டு அவர் பேசுகிறார். அவரைச் சுயநலமி என்று கூறிவிட எமக்கு மனமில்லை.

ஆயினும் அவர் ஒன்றை மறந்துவிட்டார். தொலைதூரத்துத் துயரர் என்று உலகம் குறிப்பிட்ட மக்களாக நாமே இருந்தோம். 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மக்கள் அவர்களின் வாயிலில் நின்று மன்றாடினர். உலகின் கண் விலகினால் என்ன நேருமென்று அந்த மக்கள் அறிந்திருந்தனர். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாமென ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறிற்று. அந்த மாதங்களில் நாம் எதிர்பார்த்தது எதனை? நம் மொழி தெரியாத, நம் ஊரின் பெயரைச் சரிவர உச்சரிக்கத் தெரியாத எவரோ ஒருவர் எங்கோ ஒரு தெருவில் நின்று நமக்காகக் குரலெழுப்ப மாட்டாரா என்பதனை. அவருடைய வீட்டிலும் ஆயிரம் சிக்கல்கள் இருந்திருக்கும். தனக்கு மிஞ்சித்தான் தானமென்று அவர் கூறியிருந்தால் அதனை நாம் அறமென்று ஒப்புக்கொண்டிருப்போமா?

இஸ்ரேலை வியப்பதைப் பற்றியும் ஒரு சொல். வான் நோக்கிக் காதுகொடுத்து, பதுங்குகுழிக்குள் ஓடிய நம் பிள்ளைகள் எழுத்தறியுமுன் அறிந்த சொற்களுள் ‘கிபிர்’ ஒன்று. அது இஸ்ரேலில் உருவான போர்விமானம். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் மாணவியர் கூடியிருந்த செஞ்சோலை வளாகத்தின்மீது குண்டு பொழிந்தவை அவையே. தமிழ் இயக்கங்களுள் ஒன்றான ஈரோஸ் பலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றதும், 1984இல் கொழும்பில் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவு திறக்கப்பட்டு அரசபடைக்கு உதவி வந்ததும் வரலாறு. வலியவனின் வெற்றியைக் கண்டு வியக்கும் எளியவன், தன்னை அடித்த கோலையே வியக்கிறான். இந்த அளவில் அந்தப் பெண்ணின் நிலையே சரியானதென்பது எமது துணிபு.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால், தொலைவுக்காக அழுவோரெல்லாம் அருளுடையோர் என்று ஆகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று.

2009இல் இந்நாட்டின் அரசதலைவராயிருந்த மகிந்த ராஜபக்ச, பலஸ்தீன ஒருமைப்பாட்டுப் பணியிற் பல்லாண்டு முன்னின்றவர். 2014இல் அவர் பலஸ்தீனத்துக்குச் சென்றபோது ரமல்லாவில் ஒரு வீதிக்கு அவருடைய பெயரைச் சூட்டினர். பலஸ்தீனக் குழந்தைக்காக இரங்கத் தெரிந்தவருக்கு வன்னிக் குழந்தையின் அழுகை கேட்கவில்லை. இன்னொன்று முற்போக்காளராகிய நம்மை இன்னும் ஆழமாகச் சுடவேண்டியது. 2009 மே 27இல் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தவை 12, நடுநிலை வகித்தவை 6. ஆதரித்த நாடுகளுள் இந்தியாவும் சீனாவும் மட்டுமல்ல, நம் இளமைக்கனவுகளில் இடம்பெற்ற கியூபாவும் இருந்தது. எதிர்த்து வாக்களித்த மேற்கு நாடுகளைப் போற்றவும் இடமில்லை. அவற்றுட் சில ஈராக்கில் புரிந்ததையும் காசாவில் அனுமதித்ததையும் உலகம் அறியும்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? பலஸ்தீனரின் துயர் பொய் என்பதன்று. தகுதியற்ற வாய் ஒன்று உரைத்ததால் உண்மை பொய்யாகிவிடாது. நாம் பெறவேண்டிய பாடம் வேறு. தொலைதூரத் துயர்பற்றிய கருத்துக்கள் இருவகை ஊற்றுக்களிலிருந்து பிறக்கின்றன. ஒருவகையார் ‘யாருக்காக’ என்று கேட்டுத் தொடங்குகின்றனர். மற்றவர் ‘யாருக்கு எதிராக’ என்று கேட்டுத் தொடங்குகின்றனர். பின்னவருக்குத் துயருறும் மனிதன் ஒரு சாட்சிமட்டுமே. தம் எதிரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் அந்தச் சாட்சியை மறந்துவிடுவர். இருவரும் ஒரே முழக்கத்தை ஒரே உரப்பில் எழுப்பக்கூடும். ஆதலால் முழக்கத்தைக் கேட்டு எவரையும் அளந்துவிட முடியாது. அதைக்கொண்டு காதலிக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது.

அப்படியாயின் எதனைக்கொண்டு அளப்பது? தம் தரப்புக்கு வசதியற்ற துயரின்முன் அவர் என்ன செய்கிறார் என்பதைக்கொண்டே. 2025இன் நடுப்பகுதியில் காசாவில் கொல்லப்பட்டோர் தொகை 60,000ஐக் கடந்துவிட்டதென அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்தது. அந்த மக்களுக்காகக் குரலெழுப்பும் ஒருவர், 2023 ஒக்ரோபர் 7இல் இஸ்ரேலில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரையும் மனிதரென்று கூறமுடிகிறதா? அவ்வாறு கூறுவதால் காசாவின் நியாயம் ஒரு துளியும் குறையாது. சூடானில் 2023 ஏப்பிரலில் மூண்ட போர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. அதுபற்றி ஒருவர் பேசாதது குற்றமன்று. எல்லாத் துயருக்கும் அழ எவராலும் இயலாது. அந்தத் துயரை எடுத்துரைக்கும்போது, அது நம் அரசியலுக்குப் பயன்படாது என்று முகம் திருப்பினாலே குற்றம்.

இந்த அளவுகோலை நம் ஊருக்குள்ளும் கொண்டுவருவோம். 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீடுகளைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெரு வெறுமையாயிற்று. அது தொலைவில் நிகழ்ந்ததன்று. நம் சைக்கிள் ஓடும் தூரத்தில் நிகழ்ந்தது. காசாவின் முஸ்லிமுக்காக இன்று கண்ணீர் வடிக்கும் யாழ்ப்பாணத்தார், புத்தளத்து அகதி முகாம்களில் தலைமுறையொன்றைக் கழித்த நம் அயலவரைப் பற்றி என்ன சொல்கிறார்? 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது யாழ்ப்பாணத்தின் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமலிருந்தது? தூரமென்பது மைல்களால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. வேலிக்கு அப்பால் இருப்பவனும் வெகுதொலைவில் இருக்கக்கூடும்.

எனினும் தொலைவை நோக்குவது வீண் என்று கொள்வதும் தவறு. தொலைவைக் கண்ட கண்ணே அருகைத் திருத்திய வரலாறு நம்மிடமுண்டு. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம் இந்திய விடுதலைப் போரைக் கண்டு எழுச்சி பெற்றது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதே இளைஞர்களே ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையிற் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டுமென்று வாதாடினர். கடலுக்கப்பாலுள்ள அடிமைத்தனத்தைக் கண்டு கொதித்தவர்கள், தம் வகுப்பறையின் தரையில் அமர்த்தப்பட்ட பிள்ளையையும் கண்டுகொண்டனர். வியட்நாமுக்காக உலகெங்கும் குரல் எழுந்த அறுபதுகளிலும் அப்படியே. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதியொடுக்குமுறைக்கெதிராக ஊர்வலம் புறப்பட்டது. சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் பெற்றுவந்த மக்கள் கடைக்குள் அமர்ந்து குடிக்கும் உரிமைக்காகவும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலைத் திறப்பதற்காகவும் போராடினர். வியட்நாமைப் பற்றி முழங்கிவிட்டு மாவிட்டபுரத்தைப் பற்றி மௌனமாயிருந்தோரும் அன்று இருந்திருப்பர். அவர்களை எவரும் இன்று நினைப்பதில்லை.

கருத்து மாறுபாடு காதலைக் கொன்றுவிடுமா என்றும் கேட்கலாம். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து கொழும்பில் மருத்துவம் பயின்ற ராஜனி, களனியில் மாணவர் இயக்கத்திலிருந்த சிங்கள இடதுசாரியான தயாபால திராணகமவை 1977இல் மணந்தார். இனம், மதம், மொழி, ஊர் என்று தரகர் எண்ணும் பொருத்தம் ஒன்றும் அங்கில்லை. அரசியற் பாதையும் என்றும் ஒன்றாயிருக்கவில்லை. ராஜனி ஒரு காலத்தில் தமிழ் ஆயுதப் போராட்டத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார். பின்னர் அதனின்று விலகினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவாறே, இலங்கை அரசும் இந்தியப் படையும் தமிழ் இயக்கங்களும் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைத் தோழர் மூவருடன் சேர்ந்து ஒரே ஏட்டில் எழுதினார். ‘முறிந்த பனை’ என்ற அந்நூல் நிறைவுற்ற வடிவில் வெளிவருமுன், 1989 செப்ரெம்பர் 21இல் திருநெல்வேலியில் வீதியில் சைக்கிளிற் செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

ராஜனியின் கருத்து ஒரே இடத்தில் நின்றதில்லை. ஆனால் துயருறுவோரின் பக்கம் நிற்பதென்ற நிலை அவரிடத்து மாறவில்லை; அதற்காகவே அவர் தம் தரப்பையும் கேள்விக்குள்ளாக்கினார். காதலிப்போர் ஒருவரிடம் ஒருவர் தேடவேண்டியது இதனையே. எல்லா வினாவுக்கும் ஒரே விடை கூறும் இருவர் ஒரு கட்சியாகலாம். மற்றவரின் துயர்கண்டு தம் விடையைத் திருத்திக்கொள்ள வல்லவரே நெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் வாழமுடியும்.

ஆகவே நம் இளைஞருக்கு நாம் கூறியது இது: கருத்தை மறைத்துக் காதலைப் பெற முயலவேண்டாம், அது நோயை மறைத்து மாட்டை விற்பதற்கு ஒப்பு. அவளைச் சோதிக்கும் நீதிபதியாகவும் அமரவேண்டாம். உம்முடைய எண்ணத்தை, அதற்குக் காரணமான இழப்பையும் சேர்த்து, அவளிடம் கூறும். அவள் செவிமடுத்தால், காசாவுக்கு விரிந்த நெஞ்சில் உம் வீட்டாரின் துயருக்கும் இடமுண்டென்று அறிவீர். செவிமடாது பழித்தால், அவளுடைய கருத்துச் சரியாயிருந்தும் அதன் ஊற்று எதுவென்று ஐயுற இடமுண்டு. அதே அளவுகோலுக்கு உம்மையும் உட்படுத்தும். முன்முடிவின்றி அவளுடைய காரணங்களைக் கேட்க நீர் ஆயத்தமாயில்லையெனில், ஓராண்டாக விரும்பியது ஒரு பெண்ணையல்ல, அவளுடைய மௌனத்தையே என்றாகும்.

அவளைப் போன்றோருக்கும் ஒரு சொல் கூறவேண்டும். மௌனமாயிருப்போர் யாவரும் பங்காளிகள் என்பது சினத்தில் எழும் வார்த்தை. அதில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையில்லை. அடிபட்டு அடிபட்டு நாவடங்கிய மக்களின் மௌனமும் உண்டு. நம் ஊரில் அது ஏராளம். உலகத்துக்காகப் பேசுவோர் அந்த மௌனத்தையும் வாசிக்கக் கற்றல்வேண்டும்.

தொலைவிலிருப்போர் என்றும் தொலைவிலேயே இருந்துவிடுவதில்லை. 2022 டிசம்பரில் கடலில் தத்தளித்த றோகிங்கியா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் வடமராட்சி கிழக்கில் வெற்றிலைக்கேணிக்கு அப்பாற் காணப்பட்டு, மீட்கப்பட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டனர். 2024 டிசம்பரில் அவ்வாறே இன்னொரு படகு, குழந்தைகள் பலரோடு, முள்ளிவாய்க்காற் கரையையே வந்தடைந்தது. மியன்மாரைப் பற்றி அக்கரையிலிருந்த மீனவருக்கு எந்தக் கோட்பாடும் இருந்திருக்க வேண்டியதில்லை. பசித்தவரைக் கண்டனர்; உணவும் நீரும் கொடுத்தனர். கருத்து அவ்விடத்தில் கஞ்சியாகவும் தண்ணீராகவும் மாறவேண்டியிருந்தது; மாறிற்று.

பல்கலைக்கழகத்தில் நாம் வளர்க்கும் கருத்துக்களுக்கும் அத்தகைய கரையொன்று எப்போதோ வரும். அன்று அங்கு சேர்ந்து நிற்கக்கூடியவர் யார் என்று இளைஞர் தம் துணையைத் தேடும்போது எண்ணிப் பார்ப்பாராக. சாதியும் சீதனமும் பார்த்துப் பழகிய சமுதாயத்தில், பத்தினுள் ஒன்றாக எண்ணப்பட்டு மறக்கப்பட்ட அந்த அருளைப் பார்க்கத் தொடங்குவதே பெரிய புரட்சியாகும்.